காவ்யாவுக்கு அம்மை என்று நான் சொன்னது

அன்பு மகன் சரவணக்குமாருக்கு அப்பா நாகராசு எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் தங்கச்சி காவ்யாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் தோகாவில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் ரொம்ப அலையாமல், நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாரியம்மன் புண்ணியத்தில் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்தப் பெயரை எழுதக் கை கூசுகிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும். வாரத்துக்கு ரெண்டு தடவை போனில் பேசுகிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரியும், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியாது, அதுதான் காரணம். நம்ம ஊர் நிலவழகன் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறான், அவனிடம் அம்மா முறுக்கும் எள்ளுருண்டையும் கொடுத்து விடுகிறாள், அந்தப் பைக்குள் இதையும் கவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ரூமில் தனியாக இருக்கும்போது படி.

முதலில் மற்ற சங்கதிகள். கடலை இந்த வருசம் சுமார்தான், கடைசி மழை ஏமாற்றிவிட்டது, இருந்தாலும் விதைக்கும் வீட்டுக்கும் கண்டிப்பாக மிஞ்சும். சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை விழுந்து பார்க்க அழகாக இருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அன்னவாசல் டாக்டர் நடக்கச் சொல்கிறார், இவள் உட்கார்ந்துகொண்டே அவரைத் திட்டுகிறாள். போர் மோட்டாரை மறுபடி மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இதெல்லாம் எழுதிக்கொண்டே போனால் பக்கம் நிறைந்துவிடும், நான் எழுத வந்ததை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்று பார்க்கிறேன், அதனால் இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ படித்த காலேஜ் இப்போது நீ பார்த்த காலேஜ் இல்லை. யுனிவர்சிட்டி என்று போர்டு மாற்றியதும், இந்த வருசத்திலிருந்து முதல் வருசப் பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் ஆஸ்டலில் தங்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் உனக்குத் தெரியும். அட்மிஷன் அன்றைக்கே நான் சண்டை போட்டேன், எங்க வீட்டு வாசலில் பஸ் நிற்கிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற பிள்ளை எதற்கு ஆஸ்டலில் கிடக்க வேண்டும் என்று கேட்டேன். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற பிள்ளைகள் பாடத்தை மட்டும்தான் படிக்கிறார்கள், இங்கேயே தங்கினால் மற்றதையும் கற்றுக்கொள்வார்கள் என்று அந்த ஆபீஸ் சார் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றது என்றால் என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நீ போன காலத்தில் காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு ஏறுவாய், பொழுது சாய்வதற்குள் வந்து பையை எறிந்துவிட்டுப் பசிக்குது என்பாய், மூன்று வருசமும் அப்படித்தான் போனது. காவ்யாவோ ஆடி முடிந்து ஆஸ்டல் போனவள், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் சனி ஞாயிறு வருகிறாள். வந்தாலும் பேச்செல்லாம் அங்கேதான். ரூமில் கூட இருக்கிற சிவரஞ்சனி, மீமிசல் பிள்ளை, அவள் அப்படிச் சொன்னாள் இவள் இப்படிச் சொன்னாள், சாயங்காலம் ஷட்டில் விளையாடினோம், லைப்ரரி ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று ஒரே அளப்பு. ஆஸ்டல் போன புதிதில் அந்த மீமிசல் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, இவள்தான் கஞ்சி வாங்கிக் கொடுத்து ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தாளாம். நம் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காத பிள்ளை. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு எரிச்சலும் வந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. நீ அங்கே, அவள் அங்கே, சாயங்காலம் ஆனால் நானும் உன் அம்மாவும் டிவியை வைத்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படி இருக்கும்போதுதான் பங்குனித் திருவிழாவுக்கு நம்ம ஊரில் காப்புக் கட்டினார்கள். உன் காலத்தில் இது ஒரு தொல்லையே இல்லை. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரைக்கும் ஊருக்குள் இருக்கிறவன் வெளியூரில் ராத் தங்கக் கூடாது, பகலில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், நீயும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தாய். ஆஸ்டல் பிள்ளைக்கு அது முடியாது இல்லையா. அந்த ஞாயிற்றுக்கிழமை காவ்யா வீட்டுக்கு வந்திருந்தாள், சாயங்கால பஸ்ஸில் திரும்பியாக வேண்டும், ராத்திரி காப்பு. நான் என்ன செய்தேன் என்றால், அம்மாவைக் கொழுக்கட்டை அவிக்கச் சொன்னேன், கன்றுக்குட்டியைப் போய்ப் பார் என்று வயலுக்கு அனுப்பினேன், பையைத் தேட விட்டேன். பஸ் போய்விட்டது. வண்டியில் கொண்டுபோய் விடுங்கப்பா என்றாள், பெட்ரோல் இல்லை என்றேன். பெட்ரோல் இருந்தது. கோயிலில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டதும், இனி ஊர் எல்லையைத் தாண்டிப் படுக்கக் கூடாதும்மா, தெய்வக் குத்தம், நான் வார்டனிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் சரி என்று நம்பினாள். உன் அம்மாவுக்குச் சந்தோசம், மறுநாளே அவளை முளைப்பாரி போட வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வார்டனுக்குப் போன் போட்டேன். வித்யா என்று பெயர், சின்ன வயசுப் பெண், ரொம்ப மரியாதையாகப் பேசும். கோயில் திருவிழாவுக்கு ரெண்டு நாள்தாங்க லீவு தர முடியும் என்றது. அதற்கு நான் திருவிழாவுக்கு இல்லைம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். அப்ப கூட்டியாங்க சார், இங்க நர்ஸ் இருக்காங்க, தனி ரூம் இருக்கு, நாங்க பாத்துக்கிறோம் என்றது. விடாமல் பதில் சொல்கிறதே என்று எனக்கு ரோசம் வந்து, வாயில் என்ன வருகிறது என்றே யோசிக்காமல், அம்மை போட்டிருக்கும்மா, எடம் மாத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அம்மை என்றால் யார் கேள்வி கேட்பார்கள். பத்திரமா பாத்துக்கங்க சார், தலைக்குத் தண்ணி ஊத்தின பிறகு அனுப்புங்க என்று சொல்லி வைத்துவிட்டது. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் ரெண்டு டீ குடித்தேன். நீ புதன்கிழமை கூப்பிட்டபோது, காலேஜில் லீவு விட்டிருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

அந்த நாலைந்து நாளும் வீடு கலகலவென்று இருந்தது. காவ்யா காலையில் எழுந்து கோலம் போட்டாள், சாயங்காலம் பிள்ளைகளோடு கும்மி அடித்தாள், ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சிவரஞ்சனிக்கு மெசேஜ் போட்டேன், பதிலே இல்லை என்றாள். முதல் வருசப் பிள்ளைகளுடைய போனெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வார்டன் பீரோவில் இருக்கும் என்பதால் அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு நெஞ்சில் ஒரு முள்ளும் இல்லை, நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் நம்ம ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா வந்து இறங்கியிருக்கிறார்கள். கையில் இளநீர்க் குலை, மடியில் வேப்பிலை, பை நிறைய நுங்கு. ஆஸ்டலில் படிக்கிற பிள்ளை, அம்மை போட்டிருக்கிற பிள்ளை, அது வீடு எது என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். திருவிழாவுக்குத் தெரு முழுக்க வேப்பிலை கட்டித் தொங்குகிறது, எந்த வாசலைப் பார்த்து அவர்கள் அடையாளம் கண்டுபிடிப்பார்கள். ஊரில் யாருக்கும் அம்மை இல்லையே என்று கடையில் சிரித்திருக்கிறார்கள், அதற்குள் ஆஸ்டல் பிள்ளை என்றால் நாகராசு மகள்தான் என்று யாரோ சொல்லி, வேடிக்கை பார்க்க ரெண்டு பேர் கூடவே வந்துவிட்டார்கள். சிவரஞ்சனியுடைய அம்மா சின்னப்பிள்ளை அவர்கள்தான். மீமிசலில் மீன் யாவாரம். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், கால் கழுவத் தண்ணி குடுங்க, வெளியிலேருந்து வந்த காலு என்று கேட்டார்கள். அப்போதுதான் காவ்யா தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் பூ வைத்துக்கொண்டு, முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கக் கிளம்பி வெளியே வருகிறாள். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதுக்குள்ள தலைக்குத் தண்ணி ஊத்திட்டாகளா ஆத்தா, முகத்துல ஒரு தழும்புகூட இல்லையே, மகராசி நல்லா எறங்கிட்டா என்று சொல்லி, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காவ்யா, எனக்கா அம்மை, யாரு சொன்னது என்று கேட்டாள். வார்டன் அம்மாதான் சொன்னாக, ஒங்க அப்பா போன்ல சொன்னாராம்ல என்றார்கள் அந்த அம்மா. காவ்யா திரும்பி என்னைப் பார்த்தாள். சரவணா, நான் கடன்காரனுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், போலீஸ் ஸ்டேசனில் நின்றிருக்கிறேன், அப்படி ஒரு பார்வைக்கு முன்னால் நின்றது இல்லை.

என் பொய் எங்கே போய் எதைச் செய்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. காவ்யாவுக்கு அம்மை என்றதும் ஒரே ரூமில் இருந்த சிவரஞ்சனியைத் தனி ரூமில் வைத்துவிட்டார்கள். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்களாம். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையின் அக்காவுக்கு வளைகாப்பு. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான், மாசக்கணக்காக வளையல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தாளாம். மாசமாக இருக்கிறவர்களுக்கு அம்மை தொற்றினால் ஆபத்து, வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஆஸ்டலில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை வார்டன் போனில் அம்மாவைக் கூப்பிட்டு, நான் வரலேன்னா பரவால்ல, வளைகாப்பு முடிஞ்சதும் காவ்யாவைப் போய்ப் பாத்துட்டு வாம்மா, எனக்குக் காய்ச்சல் அடிச்சப்ப அவதான் பாத்தா என்று சொல்லியிருக்கிறது. அதனால்தான் அந்த அம்மா சம்பந்தி வீட்டு ஜனங்களை அனுப்பிய கையோடு, தனக்குச் சின்ன வயசிலேயே அம்மை போட்டு இறங்கியது, இனி தொற்றாது என்ற தைரியத்தில், மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் கோபமில்லாமல், நம் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னார்கள். என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். திட்டவில்லை. புள்ளைக்கு ஒண்ணுமில்லைல்ல, அது போதும்ங்க என்றார்கள். உன் அம்மா சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள், அவர்கள் மோர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். இளநீரையாவது திருப்பி எடுத்துப் போங்க என்றதற்கு, நோயாளிக்குன்னு கொண்டாந்ததைத் திருப்பிக் கொண்டு போகக் கூடாதுங்க, நீங்களே வெட்டிக் குடிங்க என்று என் கையில் கொடுத்தார்கள். அரிவாளை எடுத்து நான்தான் வெட்டினேன். 

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வருவதற்குள் காவ்யா பையைக் கட்டிவிட்டாள். இப்போதே ஆஸ்டல் போகிறேன் என்றாள். காப்புக் கட்டியிருக்குதுடி என்று உன் அம்மா பதறிக்கொண்டு ஊர்ப் பெரியவர் அம்பலம் முனியசாமி வீட்டுக்கே ஓடினாள், என்ன பரிகாரம் செய்யலாம் என்று கேட்க. அவர் நேரே நம் வாசலுக்கு வந்துவிட்டார். ஆஸ்டல்ல படிக்கிற புள்ளைகளுக்குத்தான் இந்த வருசம் காப்பு இல்லைன்னு கூட்டத்துல சொல்லியாச்சே, பரிச்சை கிரிச்சை இருக்கும், போயிட்டு வரட்டும்னு முடிவு பண்ணுனோமே, நாகராசு முன்னாடிதானே உக்காந்திருந்தான் என்றார். ஆமாம் சரவணா. உட்கார்ந்திருந்தேன், கேட்டேன், தலையும் ஆட்டினேன். பார், உனக்கு எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று எழுத ஆரம்பித்து, இதை மட்டும் இவ்வளவு நேரம் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். சாமி பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. பிள்ளை எட்டு நாள் வீட்டில் இருக்கட்டும் என்ற ஆசைக்கு ஆத்தாள் பெயரைக் கேடயமாகப் பிடித்தேன். காவ்யா அழவில்லை, கத்தவில்லை. நீங்க வேணும்னு கேட்டிருந்தா ரெண்டு நாள் லீவு போட்டு இருந்திருப்பேன்பா என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் முளைப்பாரியை உன் அம்மாதான் சுமந்தாள், முழங்கால் வலியோடு. உன் அம்மா என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறாள்.

திங்கட்கிழமை நான் காலேஜுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கே சாயங்காலத்தில் போகிறேன். நாலரை மணிக்கு உன் காலத்தில் கடைசி பஸ் போனால் வாட்ச்மேனும் நாயும்தான் மிச்சம் என்பாயே, இப்போது அந்த நேரத்தில்தான் ஊரே கூடுகிறது. பஸ்கள் வரிசையாக நின்ற பொட்டலில் மெஸ் கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் டம்ளரும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாடியில் துணி காய்கிறது, ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னிக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். கொஞ்ச நேரம் வேலியோரமாக நின்று பார்த்தேன். என் மகள் எனக்கு எதிராக எங்கேயோ போகவில்லை, இங்கே ஒரு வீடு மாதிரி இருக்கிறாள், அவ்வளவுதான் என்று அப்போது புரிந்தது. வார்டன் வித்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் கோபத்தை அடக்கிக்கொண்டு, சிவரஞ்சனியைக் கூப்பிட்டது. காவ்யா வந்த அன்றைக்கே தனி ரூமிலிருந்து வெளியே விட்டுவிட்டார்களாம். ஒல்லியான பிள்ளை, பெரிய கண். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன் தாயி என்றேன். காவ்யாவுக்கு முகத்துல தழும்பு விழுந்துருமோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன் அப்பா என்றது. என்னை அப்பா என்று கூப்பிட்டது சரவணா. வளைகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்கடுத்த ஞாயிறு பெற்றோர் பார்க்கிற நாள். உன் அம்மா வரமாட்டேன் என்றதால் தனியாகப் போனேன். வரவேற்பு ஹாலில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பெற்றோர் போனில் சொல்வதை இனி ஏற்க மாட்டார்கள், டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், லீவு எதற்கானாலும் பெற்றோரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வந்திருந்த தாய் தகப்பன் எல்லோரும் அதைப் படித்துவிட்டு ஒரே கூச்சல். விராலிமலைப் பக்கத்திலிருந்து வந்த கணபதி என்கிறவர், ஒரு நாள் கூலியைப் போட்டுட்டு இங்க வந்து கையெழுத்துப் போடணுமா, எந்த அயோக்கியப் பய செஞ்ச வேலை இது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் உச்சுக் கொட்டி, யாரோ என்று தலையை ஆட்டினேன். திரும்பினால் மாடிப்படியில் காவ்யா நிற்கிறாள். பக்கத்தில் அந்த மீமிசல் பிள்ளை. காவ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறப் போனாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, நாந்தாங்க அந்த அயோக்கியப் பய, எம் மக நல்லாத்தான் இருந்துச்சு, அம்மைன்னு நாந்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.  கணபதி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்து போய்விட்டார். யாரும் பாராட்டவில்லை, பாராட்டுகிற காரியமும் இல்லை. காவ்யா கீழே இறங்கி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். எட்டு நாளாகப் பேசாதவள் முதல் தடவையாகப் பேசினாள். அடுத்த சனிக்கிழமை நான் வீட்டுக்கு வரலப்பா, சிவரஞ்சனியோட மீமிசல் போறேன், அவ அக்காவைப் பாக்கணும், அதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் விடுவாக என்றாள். போட்டேன். காரணம் என்ற இடத்தில், சிநேகிதியின் அக்காவுக்கு வளையல் போட என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் சார் என்றது அந்த வித்யா, பாராட்டா குத்தலா தெரியவில்லை, ரெண்டும் எனக்குத் தகும்.

இதை நீயே உன் அண்ணனுக்குச் சொல் என்றேன் காவ்யாவிடம், நீங்க சொன்ன பொய்யை நீங்கதான் சொல்லணும் என்றுவிட்டாள். அதனால்தான் இத்தனை பக்கம். படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், போனில் நாலு வார்த்தை கேள், நான் பதில் பேசமாட்டேன். அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் எடுத்துச் சொல், பேச்சில்லாமல் வெறும் சோறு எவ்வளவு நாளைக்கு இறங்கும். வெயிலில் வேலை செய்யும்போது உப்புப் போட்ட மோர் குடி, ராத்திரி அதிக நேரம் போன் பார்க்காதே. நீ எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு, நல்ல சிநேகிதர்களோடு, குறைவில்லாமல் இருக்க வேண்டும், பெற்றவர்கள் நாங்கள் ரெண்டு பேரும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறோம். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ஆவணியில் லீவுக்கு வரும்போது திரும்பிப் போகிற டிக்கெட்டில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அந்தத் தேதிக்குக் கிளம்பிவிடு. கிளம்புகிற அன்றைக்கு எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்பேன், அம்மாவுக்கு முடியவில்லை என்பேன், சாமி உத்தரவு என்றுகூடச் சொல்வேன். எதையும் நம்பாதே. இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போடா என்று நேராகக் கேட்டால் மட்டும், முடியுமா பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாகராசு